விழுந்த இடத்தில் நட்ட வெண்கலப் பறவைகள்

நியூயார்க் மாநிலத்தின் தென்பகுதியில் எல்மைரா என்று ஒரு சிறு நகரம். கடலுக்கும் அதற்கும் வெகுதூரம். அந்த ஊர்ப் பூங்காவில் ஒரு வெண்கல வாத்து நிற்கிறது, உயிரோடு இருந்த வாத்தைப்போலப் பல மடங்கு பெரியதாக. அது லாப்ரடார் வாத்து. கடலோரத்தில் சிப்பி தின்று வாழ்ந்த வாத்துக்கு உள்நாட்டு ஆற்றங்கரை ஊரில் எதற்குச் சிலை என்று கேட்டால், அதற்கு ஒரு தேதி இருக்கிறது: 1878 டிசம்பர் 12. அன்றைக்கு செமங் ஆற்றில் ஒரு பையன் ஒரு வாத்தைச் சுட்டான். அது என்ன பறவை என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். பறவைகளில் ஈடுபாடு கொண்ட உள்ளூர் மருத்துவர் ஒருவர் கேள்விப்பட்டுத் தேடிப்போனபோது தலையும் கழுத்தில் கொஞ்சமும்தான் மிச்சம் இருந்தன. அந்த மிச்சமும் பிற்பாடு தொலைந்துபோனது. அதற்கப்புறம் லாப்ரடார் வாத்தைப் பார்த்ததாக நம்பத்தக்க பதிவு எதுவும் இல்லை.

பறவையியலாளர்களில் ஒரு சாரார் இந்த எல்மைரா கணக்கையே ஏற்பதில்லை. உறுதியாகச் சொல்லக்கூடிய கடைசிப் பறவை 1875-இல் லாங் ஐலண்டில் சுடப்பட்டதுதான் என்பார்கள். தோலும் இல்லை, எலும்பும் இல்லை, எதை வைத்து நிரூபிப்பது? ஆனால் அந்தச் சிலையை அங்கே வைத்ததற்கு அதைவிட நல்ல காரணம் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு இனத்தின் கடைசி உயிர் இன்னதென்றே தெரியாமல் அடுப்பில் வெந்து முடிந்திருக்கலாம் என்கிற நிலைமைதான் அந்த வாத்தின் முழுக் கதையும். உலகம் முழுக்க அருங்காட்சியகங்களில் பாடம் செய்யப்பட்டு இருப்பவை ஐம்பத்தைந்து வரைதான். அவ்வளவுதான் அந்த வாத்து நமக்கு விட்டுப்போனது.

அந்தச் சிலையைச் செய்தவர் டாட் மெக்ரெய்ன். அமெரிக்கச் சிற்பி, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகத்தில் கலைஞராகத் தங்கிப் பணியாற்றியவர். 2000-களின் தொடக்கத்தில், மறைந்துபோன வட அமெரிக்கப் பறவைகளைப் பற்றிப் படித்து மனம் கலங்கி, ஐந்து பறவைகளுக்கு நினைவுச்சின்னம் செய்வதென்று இறங்கினார்: லாப்ரடார் வாத்து, பயணிப் புறா, கரோலினா கிளி, ஹீத் கோழி, கிரேட் ஆக் என்ற பறக்காத கடற்பறவை. திட்டத்துக்கு ‘தொலைந்த பறவைகள்’ என்று பொருள்படும் பெயர் வைத்தார். மறப்பது இன்னொரு வகை அழிவு என்பது அவர் திரும்பத் திரும்பச் சொல்லிவந்த கருத்து. அழிந்த பறவைகளை ஓவியமாகவும் சிலையாகவும் வைத்தவர்கள் பலர் உண்டு. அவர்களில் இவர் வேலையை மட்டும் நான் எடுத்துக்கொண்டு எழுதுவதற்குக் காரணம் அவர் சிலைகளின் அழகு மட்டும் இல்லை. அந்தச் சிலைகளை அவர் எங்கே வைத்தார் என்பதுதான்.

ஒவ்வொரு பறவையையும் அது கடைசியாக இருந்த இடத்தில், அல்லது முடிந்தவரை அதன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.

நமக்கு இது தெரிந்த விஷயம். செங்கம் பக்கத்தில் ஒரு வயல் வரப்போரம் ஒரு நடுகல் முன்னால் நின்றிருக்கிறேன். அந்தப் பக்கத்து ஊர்களில் நடுகல்லை வேடியப்பன் என்று சொல்லிக் கும்பிடுவார்கள். கல்லில் வில்லும் கையுமாக ஒரு ஆள், முகம் தேய்ந்து மழுங்கிவிட்டது, எண்ணெய் பூசிப் பூசிக் கல் கறுத்து மினுமினுவென்று இருந்தது. விளக்கேற்ற வந்த பாட்டி, “தொட்டுக் கும்பிட்டுட்டுப் போ கண்ணு, இங்கதான் விழுந்தாரு” என்றார். பேர் என்ன, எந்தக் காலம் என்று கேட்டேன், அதெல்லாம் அவருக்குத் தெரியாது. ‘இங்கதான்’ என்பது மட்டும் தெரியும், தலைமுறை தலைமுறையாகக் கை மாறி வந்தது அந்த ஒரு சொல்தான்.

நம் நடுகல்லில் பறவையும் உண்டு. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு சேவலுக்குக் கல் நட்டிருக்கிறார்கள். முகையூர் மேற்சேரிக் கோழி என்று பழைய எழுத்தில் வெட்டி, கழுத்தைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு நிற்கிற கோலத்தில் சேவலையே செதுக்கியிருக்கிறார்கள். சண்டையில் செத்த ஒரு சேவல், அதன் சேரிப் பெயரோடு, சுமார் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாகக் கல்லில் நிற்கிறது. தொல்காப்பியம் நடுகல்லுக்கு வரிசை சொல்லும்போது காட்சி, கால்கோள், நீர்ப்படை என்று மூன்றைச் சொல்லிவிட்டு அப்புறம்தான் நடுதலுக்கு வருகிறது. கல்லை நடுவதற்கு முன்னாலேயே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும் என்பது அந்த வரிசையிலேயே தெரிகிறது. மெக்ரெய்னும் அப்படித்தான் பண்ணினார். மைத்துனரைக் கூட்டிக்கொண்டு அந்தந்த ஊருக்குப் போய், பூங்கா அதிகாரிகளையும் வனக்காவலர்களையும் நகர நிர்வாகத்தினரையும் பார்த்துப் பேசி, ‘உங்கள் ஊரில் ஒரு பறவை இனம் முடிந்திருக்கிறது, அதற்கு ஒரு சிலை வைக்க இடம் கொடுங்கள்’ என்று கேட்டிருக்கிறார். இந்தத் திட்டத்தைப் பற்றி 2012-இல் வந்த ஆவணப்படத்தில் பெரும்பகுதி இந்த அலைச்சல்தான். சிலையை இலவசமாகக் கொடுத்தாலும் இடம் சுலபமாகக் கிடைத்துவிடுவதில்லை, தங்கள் ஊரை ஒரு அழிவோடு சேர்த்துச் சொல்ல ஊர்க்காரர்கள் மனம் வர வேண்டும். இந்தப் பேச்சையும் நான் கலையின் பகுதியாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். பெயரே கேள்விப்பட்டிராத ஒரு வாத்தைப் பற்றி ஒரு நகர நிர்வாகம் உட்கார்ந்து பேசுகிறதென்றால் சிலை வருவதற்கு முன்பே நினைவு வந்துவிட்டது.

சரி, சிலைகள் எப்படி இருக்கின்றன? இறகுக்கு இறகு கோடு போட்டுச் செதுக்கவில்லை. ஆற்றில் உருண்டு உருண்டு வழுவழுப்பான கூழாங்கல்லைப் போல உடம்பு, ஆனால் கழுத்தின் திருப்பத்திலும் அலகின் சாய்விலும் அந்தப் பறவை அப்படியே இருக்கிறது. அருங்காட்சியகத்தில் பாடம் செய்த பறவையைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க முடியும், அதன் கண் பளிங்கு, உள்ளே பஞ்சு. இந்த வெண்கலத்தைத் தொடலாம். தொடுவதற்கென்றே அந்த வழுவழுப்பு. கறுத்த வெண்கலம் பலர் கை பட்ட இடத்தில் மெல்லத் துலங்கும், அந்தப் பாட்டியின் எண்ணெய்க் கல் மாதிரி.

ஐந்தில் என்னை அதிகம் பாதித்தது ஹீத் கோழி. அமெரிக்காவின் புல்வெளிக் கோழிகளில் கிழக்குக் கடற்கரைக்கு உரிய கிளையினம் அது. ஆண் கோழிக்குக் கழுத்தின் இரண்டு பக்கமும் ஆரஞ்சு நிறப் பை உண்டு. வசந்தத்தில் ஆண்கள் ஒரே திடலில் கூடி, அந்தப் பையை ஊதி, கழுத்திறகைக் கொம்பு மாதிரி விறைத்துக்கொண்டு, காலைத் தரையில் தட்டித் தட்டி ஆடும். வெறும் குடத்தின் வாயில் ஊதினால் வரும் ஓசை போல அதன் முழக்கம். ஒரு காலத்தில் பாஸ்டன் பக்கம் அவ்வளவு மலிவான கறியாக இருந்ததால், வேலையாட்கள் வாரத்தில் இத்தனை நாளுக்குமேல் இதையே போடக்கூடாது என்று எஜமானர்களிடம் பேசிவைத்துக்கொண்டார்கள் என்று ஒரு கதை உண்டு. 1870-ஐ ஒட்டி நிலப்பகுதியில் அது முடிந்துவிட்டது. மாசசூசெட்ஸ் கரையோரத்தில் மார்தாஸ் வின்யார்ட் தீவு ஒன்றில்தான் பிழைத்திருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கோழியை யாரும் கவனிக்காமல் விட்டுவிடவில்லை. 1908-இல் அதற்கென்றே அந்தத் தீவில் காப்பகம் அமைத்தார்கள். அப்போது சில பத்துகள்தான் இருந்தன. காவல் போட்டு, வேட்டையைத் தடுத்து, ஏழெட்டு ஆண்டுகளில் அதை 2,000 அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அப்புறம் 1916 மே மாதம் காட்டுத்தீ. கோழிகள் அடைகாக்கும் நேரம் அது, பெட்டைகள் கூட்டை விட்டு எழவில்லை, முட்டையோடு எரிந்தன. அடுத்து வந்த குளிர்காலத்தில் வல்லூறுகள் கூட்டமாக வந்து இறங்கின. வீட்டு வான்கோழிகளிடமிருந்து நோய் தொற்றியது. மிஞ்சியவற்றில் ஆண்களே அதிகம், அவையும் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவு. 1927-இல் 13 பறவைகள், அவற்றில் பெட்டை இரண்டே இரண்டு. 1928 டிசம்பருக்குப் பிறகு ஒரே ஒரு சேவல்.

அதற்கு பூமிங் பென் என்று பேர் வைத்தார்கள். ‘முழங்கும் பென்’ என்று சொல்லலாம். அந்தத் தீவின் வெஸ்ட் டிஸ்பரி ஊரில் ஒரு பண்ணை நிலத்தில் இருந்த பழைய ஆடுகளத்துக்கு அது ஆண்டுதோறும் வந்தது. 1931-இல் பிடித்துக் காலில் வளையம் மாட்டித் திரும்ப விட்டார்கள். 1932 மார்ச் 11-ஆம் தேதி கடைசியாகப் பார்த்தார்கள். மூன்று வசந்த காலம், எதிராளியும் இல்லை, பெட்டையும் இல்லை, ஒரு சேவல் மட்டும் அந்தத் திடலுக்கு வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறது. ஒரு இனத்தின் கடைசி உயிரை, இதுதான் கடைசி என்று தெரிந்தே, வருஷக்கணக்கில் மனிதர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள்.

மெக்ரெய்னின் ஹீத் கோழி அந்தத் தீவின் நடுவில் இருக்கும் கொரெல்லஸ் அரசு வனத்தில் நிற்கிறது. அந்த வனம் தொடங்கியதே 1908-இல் இந்தக் கோழிக்காக ஒதுக்கிய நிலத்தில்தான். கோழி போய்விட்டது, கோழிக்காக ஒதுக்கிய காடு இருக்கிறது, அதன் நடுவில் கழுத்தைத் தூக்கிக்கொண்டு வெண்கலக் கோழி. வேறு எந்த நகரத்தில், எந்தச் சதுக்கத்தில் கொண்டுபோய் வைத்திருந்தாலும் அது ஒரு அழகான சிலை என்பதோடு முடிந்திருக்கும்.

கரோலினா கிளியை ஃபுளோரிடாவில் கிஸிம்மி புல்வெளிப் பூங்காவில் வைத்தார், காட்டில் அந்தக் கிளியைப் பார்த்த கடைசிப் பதிவுகள் ஒக்கிசோபி வட்டாரத்தைச் சேர்ந்தவை என்பதால். பச்சை உடம்பு, மஞ்சள் தலை, கூட்டமாகவே வாழும் கிளி. பழத்தோட்டக்காரர்கள் ஒன்றைச் சுட்டால் மற்றவை பறந்து தப்பாமல் விழுந்த கிளியைச் சுற்றியே வட்டமடித்துத் திரும்ப வருமாம், அப்படியே முழுக் கூட்டத்தையும் சுட்டு முடிப்பார்களாம். செத்த உறவை விட்டுப்போக மனமில்லாத குணமே அதற்கு எமனாக வந்தது. இதற்குமேல் இதைப் பற்றி என்னால் எழுத முடியவில்லை.

பயணிப் புறா கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 300 கோடியிலிருந்து 500 கோடி வரை இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். ஒரு கூட்டம் தலைக்குமேல் கடந்துபோக மூன்று நாள் ஆனது என்று 1813-இல் கென்டக்கியில் பார்த்த பறவை ஓவியர் ஆடுபன் எழுதிவைத்தார். புறா எங்கே கூடு கட்டியிருக்கிறது என்று தந்தி சொல்லியது, ரயில் வேட்டைக்காரர்களைக் கொண்டுபோய் இறக்கியது, திரும்பும்போது பீப்பாய் பீப்பாயாகப் புறாக்கறியை ஏற்றிக்கொண்டு போனது. கடைசிப் புறா மார்த்தா 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் செத்தது. உடம்பை 300 பவுண்டு பனிக்கட்டியில் உறையவைத்து ரயிலில் வாஷிங்டனுக்கு, ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். அதே கூண்டில்தான் சுமார் மூன்றரை ஆண்டு கழித்து, 1918 பிப்ரவரியில், கூண்டில் இருந்த கடைசிக் கரோலினா கிளியான இன்காஸும் செத்தது.

இந்தப் புறாவுக்கு நினைவுச்சின்னங்கள் நிறையவே உண்டு, அதனால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி. மெக்ரெய்னின் புறா ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரத்து ஆடுபன் மையத்தில் நிற்கிறது. அதே ஒஹாயோவில் 1900-இல் ஒரு சிறுவன் சுட்ட காட்டுப் புறா ஒன்று, பாடம் செய்தவர் கண்ணுக்குப் பதிலாகக் காலணிப் பொத்தானை வைத்துத் தைத்ததால் ‘பட்டன்ஸ்’ என்று பேர் பெற்று, அதே கொலம்பஸின் வரலாற்றுக் காட்சியகத்தில் இருக்கிறது. சின்சினாட்டியில் மார்த்தா இருந்த பறவைக்கூடத்தையே நினைவு மண்டபமாக வைத்திருக்கிறார்கள். விஸ்கான்சினில் வயலூசிங் என்ற இடத்தில் 1947-இல் அம்மாநிலப் பறவையியல் கழகத்தார் பதித்த வெண்கலப் பட்டயம் இருக்கிறது. அந்த மாநிலத்தின் கடைசிப் புறா 1899 செப்டம்பரில் பாப்காக்கில் சுடப்பட்டது என்று சொல்லிவிட்டு, மனிதனின் பேராசையாலும் சிந்தனையின்மையாலும் இந்த இனம் அழிந்தது என்று வெட்டவெளிச்சமாகப் போட்டிருக்கிறார்கள்.

அந்த ஒரு வரியைப் படித்ததும்தான் மெக்ரெய்ன் சிலைகளில் எனக்கு இருந்த குறை என்னவென்று புரிந்தது. அவை சாந்தமாக இருக்கின்றன. கோடே இல்லாத அந்த உடம்பில் குண்டு பட்ட இடமும் இல்லை. தெரியாதவர் ஒருவர் வந்து தொட்டுப் பார்த்தால் அமைதி கிடைக்கும், படம் எடுத்துக்கொண்டு போவார், யார் இதைக் கொன்றது என்று கேட்கத் தோன்றாமல் போகலாம். வயலூசிங் பட்டயத்தில் பெரிய கலை இல்லை, ஆனால் குற்றத்தைச் சொல்கிறது. நடுகல்லிலும் எழுத்து உண்டு, யாரோடு எந்தப் பூசலில் பட்டான் என்று வெட்டியிருப்பார்கள். உருவமும் அந்த எழுத்தும் ஒரே கல்லில் சேர்ந்து இருப்பதுதான் நிறைவு என்று நினைக்கிறேன்.

இன்னொரு சோதனையும் இந்தச் சிலைகளுக்கு வந்தது. மார்த்தா செத்து நூறாண்டு ஆன 2014-இல், ஐந்து சிலைகளின் தொகுதி ஒன்றை வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் தோட்டங்களில் வைத்தார்கள், ஓராண்டு இருந்தது. ஏராளமான மக்கள் பார்த்தார்கள், எல்மைராவிலும் கிஸிம்மியிலும் அத்தனை பேர் ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. ஆனால் பூச்செடிகளுக்கு நடுவில் வாத்தும் கிளியும் ஆக்கும் தோட்ட அலங்காரத்துக்கு ரொம்பப் பக்கத்தில் போய்விட்டன என்பது படங்களைப் பார்க்கும்போது எனக்குப் பட்டது. ஒன்றைத் தவிர. புறாவை மட்டும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் வெளியே வைத்திருந்தார்கள். அந்த ஆண்டு நினைவுக் கண்காட்சிக்காக, வெகுகாலம் உள்ளே பூட்டிவைத்திருந்த மார்த்தாவை வெளியில் எடுத்து அதே கட்டடத்துக்குள் காட்சிக்கு வைத்தார்கள். உள்ளே மார்த்தாவின் உடம்பு, வெளியே அதன் இனத்துக்கு வெண்கலம். அங்கே மட்டும் இடம் சிலையைத் தூக்கி நிறுத்திவிட்டது.

செத்ததற்குச் சிலை வைக்கும் பணத்தில் இருப்பதைக் காப்பாற்றலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இருக்கிற பறவைகளுக்காகவும் அதே 2014-இல் ஒரு வேலை தொடங்கியது. நியூயார்க்கில் ஆடுபன் தன் கடைசிக் காலத்தில் வாழ்ந்து, புதைக்கப்பட்டும் இருக்கிற ஹார்லெம், வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதிகளின் சுவர்களில், பருவநிலை மாற்றத்தால் ஆபத்தில் இருக்கும் வட அமெரிக்கப் பறவைகளை வரையத் தொடங்கினார்கள். ஆடுபன் பெயரில் இயங்கும் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் 2019 அறிக்கைப்படி அந்தப் பட்டியலில் 389 இனங்கள். நிறையப் படங்கள் கடை ஷட்டர்களில் இருக்கின்றன. பகலில் கடை திறந்திருந்தால் பறவை சுருண்டு மேலே போய்விடும், கடை சாத்தினால்தான் இறங்கி வரும். ராத்திரி வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கிறவருக்குத் தெருமுழுக்கப் பறவை. அதையும் ஒருவர் தினமும் தன் தெருவில்தான் பார்க்கிறார் என்பதால் எனக்கு இரண்டு வேலையும் ஒரே குடும்பம்தான்.

கடைசியாக கிரேட் ஆக். இதற்கு மட்டும் மெக்ரெய்ன் இரண்டு இடத்தில் சிலை வைத்தார், அட்லாண்டிக் கடலின் இரு கரையிலும் ஒவ்வொன்று. மேற்கே நியூஃபவுண்ட்லாந்தின் ஃபோகோ தீவில் ஒரு பாறை முனையில், கிழக்கே ஐஸ்லாந்தின் ரெய்க்யானெஸ் கரையில்.

முக்கால் மீட்டருக்கு மேல் உயரம், சுமார் ஐந்து கிலோ எடை, பறக்காது, நீருக்குள் அம்பு மாதிரி பாயும். பெங்குவின் என்ற பெயரே முதலில் இதற்குத்தான் இருந்தது, தென்துருவத்துப் பறவைகளுக்கு அப்புறம்தான் போனது. ஃபோகோவுக்கு அப்பால் கடலில் இருக்கும் ஃபங்க் தீவில் இவை பெருங்கூட்டமாகக் குஞ்சு பொரித்தன. கப்பல்காரர்கள் கறிக்காகவும், பிற்பாடு மெத்தைக்கு இறகு வேண்டியும் வந்தார்கள். இறகைப் பிடுங்க வெந்நீரில் முக்க வேண்டும், அந்தப் பாறைத் தீவில் ஒரு மரம் கிடையாது. கொழுப்பு மிகுந்த ஆக்குகளையே அடுப்பில் போட்டு எரித்து, அந்தத் தீயில் மற்ற ஆக்குகளுக்கு வெந்நீர் வைத்தார்கள். 1800-ஐ ஒட்டி அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை.

ஐஸ்லாந்துப் பக்கம் கொஞ்சம் இருந்தன. அவை வாழ்ந்த பாறைத்தீவு 1830-இல் எரிமலைக் குமுறலில் கடலுக்குள் போய்விட, எல்டே என்ற செங்குத்தான பாறைக்கு மாறின. அரிதாக அரிதாக விலை ஏறியது, சேகரிப்பாளர்கள் தோலுக்கும் முட்டைக்கும் போட்டி போட்டார்கள். 1844 ஜூன் தொடக்கத்தில் மூன்று பேர் எல்டேயில் ஏறினார்கள். அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு ஜோடியைத் துரத்திப் பிடித்து இரண்டு பேர் கழுத்தை நெரித்தார்கள், முட்டை விரிசல் விட்டிருந்ததால் எடுக்காமல் விட்டார்கள். ஐஸ்லாந்துக்காரர்கள் 1971-இல் நாடு முழுக்க வசூல் செய்து, லண்டன் ஏலத்தில் 9,000 பவுண்டு கொடுத்து, பாடம் செய்த ஒரு ஆக்கைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

ரெய்க்யானெஸில் நிற்கிற வெண்கல ஆக் கடலைப் பார்த்து நிற்கிறது. நேர் எதிரே, வானம் தெளிந்த நாளில், எல்டே பாறை தெரியும்.

ஃபங்க் தீவில் இன்றைக்கு வேறு பறவைகள் குடியிருக்கின்றன. வெறும் பாறையாக இருந்த அந்தத் தீவில் ஒரு பகுதியில் மட்டும் மண் இருக்கிறது, புல் முளைக்கிறது. அந்த மண் அங்கே கொன்று குவித்த ஆக்குகளின் உடம்பு மக்கி உண்டானது. பஃபின் பறவைகள் முட்டையிட அந்த மண்ணில் வளை தோண்டுகின்றன, தோண்டும்போது ஆக்குகளின் எலும்புகளைக் காலால் வெளியே தள்ளிப் போடுகின்றன.